தண்ணீரும் ஊராட்சியும்

ஏரிக்கு அருகில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர்க் கவலை இராது என்று எண்ணுவோர் பலர். வெளியூர்களில் வாழும் என் உறவினர் சிலர், "உங்களுக்கென்ன, செம்பரம்பாக்கம் ஏரியே உங்கள் வாசலில் கிடக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஏரி அருகில் இருப்பது உண்மை. அதன் தண்ணீர் பெருங்குழாய்களின் வழியே சென்னைக்குப் போய்ச் சேர்வதும் உண்மை. அந்தத் தண்ணீர் எப்போது தேக்கப்படுகிறது, எப்போது திறக்கப்படுகிறது, யாருக்கு எவ்வளவு என்பன பற்றிக் கரையில் குடியிருக்கும் ஊராரை எவரும் ஒரு சொல் கேட்பதில்லை என்பது அவற்றைவிடப் பெரிய உண்மை.

அரசியல் என்றவுடன் நம் மனம் கோட்டைக்கும் டில்லிக்கும் ஓடிவிடுகிறது. சட்டமன்றத்தில் நமக்கு எத்தனை இடம், வாரியத்தில் யார் தலைவர் என்று பேசுகிறோம். பேச வேண்டியவைதாம். ஆயினும், அதிகாலை பாங்கு கேட்டு எழுந்து குழாயைத் திருப்பினால் காற்று மட்டும் வருகிறதே, அதுவும் அரசியல்தான். நான் இங்கே எழுத முற்படுவது அந்தச் சிறிய அரசியலைப் பற்றி.

நசரத்பேட்டையை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் ஊர் இது. வடக்கே கூவம் ஆறு. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, எங்கள் ஊரில்தான் பெங்களூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. மாவட்டம் திருவள்ளூர், ஒன்றியம் பூந்தமல்லி. மாநகரின் புகையும் தூசியும் இரைச்சலும் குறைவின்றி வந்து சேர்ந்த பின்னரும், நான் சொல்லப்போகும் ஆண்டுகளிலெல்லாம் ஏட்டளவில் இது ஒரு கிராம ஊராட்சியாகவே இருந்தது.

1984ஆம் ஆண்டில் என் அத்தா இங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். மனையில் முதலில் தோண்டியது கிணறு. பதினெட்டு அடியில் ஊற்றுக் கண்டது. உவர்ப்பில்லாத நீர். எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் நீர் எடுத்தன. அவற்றுள் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். கயிறு இற்றுப்போனால் யார் வாங்கிக் கட்டுவது என்பதற்கு எழுதாத ஒரு முறை இருந்தது. அந்த முறை ஒருநாளும் தவறியதில்லை. நாங்கள் தொழச் செல்லும் பள்ளிவாசலில் ஹவுள் நிறைந்திருக்கும். அதில் கால் நனைத்து, மீன்களை வேடிக்கை பார்த்து, ஒளுச் செய்ய மறந்து, மோதினாரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். ஹவுள் மூடப்பட்டு, அதன்மேல் கற்பலகை பாவப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஏரி யாருடையது?

செம்பரம்பாக்கம் ஏரி நேற்று வெட்டியதன்று. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது இப்பகுதி. கோல்கொண்டா சுல்தான்களும், ஆற்காட்டு நவாபுகளும், பின்னர்க் கும்பினியாரும் ஆண்ட காலங்களில், பூந்தமல்லி ஒரு முக்கியமான சீமைத் தலைமையிடமாக விளங்கிற்று. ஆண்டவர்கள் மாறினார்கள், ஏரி மாறவில்லை. வானம் பார்த்த இந்நிலப்பரப்பில் வற்றாத ஆறு கிடையாது. மழைக்காலத்தில் பெய்வதைத் தேக்கிவைத்து ஆண்டு முழுதும் உண்ண வேண்டும் என்பதைத் தொண்டை நாட்டார் நன்கு அறிந்திருந்தனர். ஓர் ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலித் தொடராகக் கட்டப்பட்டவையே செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி இச்சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அவர்கள் அக்கணக்குகளைத் தேடி எடுத்து ஆராய்ந்து, நம் காலத்தார்க்கு அறிமுகப்படுத்தினார். அவற்றைக் காணும்போது வியப்பு ஏற்படுகிறது. ஊரின் விளைச்சலிலிருந்து, பகிர்வுக்கு முன்னரே, பொதுக் காரியங்களுக்கென்று பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயிலுக்குப் பங்கு; கணக்கனுக்குப் பங்கு; தச்சனுக்கும் கொல்லனுக்கும் பங்கு; ஃபக்கீர்களுக்கும் பங்கு. அவற்றோடு ஏரியைப் பழுது பார்ப்பதற்கும் பங்கு. ஏரிக்கென ஒரு பங்கை எடுத்து வைத்த பிறகே உழவன் தன் வீட்டுக்கு நெல் கொண்டு போனான் என்றால், ஏரி யாருடையது என்ற கேள்விக்கு அக்காலத்தில் விடை தேட வேண்டியிருக்கவில்லை.

கும்பினியார் அந்தப் பங்கை வரியாக மாற்றிக் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டனர். ஊராரின் கையில் பொருள் இல்லாது போயிற்று. உழைப்பு மட்டும் எஞ்சிற்று. அந்த உழைப்பையும் 1858இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி வாங்கப் பார்த்தார்கள். மனம் ஒப்பிச் செய்துவந்த குடிமராமத்து, சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் ஊழியமானபோது அதன் உயிர் போயிற்று. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்து, அதற்கு நிதி ஒதுக்கியது. பெயர் திரும்பி வந்தது நல்லதே. ஆனால் உரிமை திரும்பாமல் பெயர் மட்டும் திரும்பினால், அது ஒப்பந்தக்காரரின் வேலையாகவே நின்றுவிடும்.

நகரத்தின் தாகம்

சென்னையின் தாகத்தை நான் குறை கூறவில்லை. என் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது சென்னையில். என் பேரப்பிள்ளைகள் அருந்துவது அந்தத் தண்ணீரைத்தான். நகரம் பெருகப் பெருக அது எட்டிப் பிடிக்கும் தொலைவும் பெருகிக்கொண்டே போனதைச் சொல்கிறேன். 1944இல் பூண்டியில் அணை கட்டினார்கள். 1976இல் மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நீரிலிருந்து ஆளுக்கு ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுக்க இசைந்தன. 1983இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தமாகி, 1996இல்தான் அந்நீர் தமிழக எல்லையைத் தொட்டது. 2004இல் காவிரிப் பாசனத்து வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய் பதித்துக் கொண்டுவந்தனர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கினர். 2007இல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பாசன ஏரியாகப் பிறந்த ஒன்று, இப்படிப் படிப்படியாகக் குடிநீர்த் தொட்டியாயிற்று.

அதே ஆண்டுகளில் இப்பக்கம் நிலமும் நிறம் மாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை திறந்து, பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தந்து, 2014இல் மூடிக்கொண்டது. அவ்வாண்டிலேயே வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. நெற்பயிர் விளைந்த வயல்களில் சுண்ணாம்புக்கோடு கிழித்து மனைகளாக்கினார்கள். வேலை வந்தது, சம்பளம் வந்தது, நம் பிள்ளைகள் பலர் அதனால் படித்தார்கள். இதை மறைப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் வயல் மனையாகும்போது வரப்பு மட்டும் அழிவதில்லை. வரப்போடு வாய்க்கால் அழிகிறது. வாய்க்கால் அழிந்த இடத்தில் மழை தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

எங்கள் வீட்டுக் கிணறு 1998 வாக்கில் கோடையில் வறண்டது. எழுபது அடியில் ஆழ்குழாய் இறக்கினோம். பின்னர் அதுவும் போதாமல் இருநூறு அடிக்குப் போனோம். தெருவுக்குத் தெரு ஆழ்குழாய், அதனருகே லாரி, லாரியின் முதுகில் சென்னைக்குப் போகும் நிலத்தடி நீர். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த 1987இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் 2003இல் இயற்றிய சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்த ஆண்டுகளிலும் லாரிகள் சாலையில் இருந்தன. அந்த லாரிகளை ஓட்டுகிறவர்கள் ஏழைகள் என்பதையும், தண்ணீர் விற்றவர்களுள் பயிர் செய்து தோற்ற உழவர்களும் உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குற்றவாளி இன்னார் என்று ஒருவரைச் சுட்டிவிட்டு ஓய்ந்துவிட இயலாத சிக்கல் இது.

வெள்ளமும் வறட்சியும்

நான்கே ஆண்டு இடைவெளியில் ஏரி எங்களுக்கு இரு முகங்களைக் காட்டிற்று.

2015 டிசம்பர் முதல் நாள். செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் மழை. ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நவம்பர் முழுவதும் பெய்த மழையால் ஏரி முன்னரே நிறையும் நிலையில் இருந்தது. அன்று நொடிக்கு 29,000 கன அடி நீரைத் திறந்தார்கள். இந்த எண் பலருக்கு விளங்காது. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் அறுபத்தெட்டைக் கவிழ்த்தால் எவ்வளவு நீரோ, அவ்வளவு நீர், ஒவ்வொரு நொடியும், மணிக்கணக்கில்! அது அடையாற்றில் இறங்கியது. அடையாற்றுக்கு வேறு பல ஏரிகளின் உபரி நீரும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. குன்றத்தூர், திருநீர்மலை, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரை நெடுகிலும் நீர் வீடுகளுக்குள் புகுந்தது.

என் தங்கையின் வீடு ஜாபர்கான்பேட்டையில். எங்கள் வீட்டருகே இருக்கும் ஏரி, அன்றிரவு என் தங்கை வீட்டுக்குள் போய்விட்டது. மாடிக்கு ஏறித் தப்பினார்கள். தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள்தான் அவர்கள் உயிரோடிருக்கும் செய்தி வந்தது. அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். எங்கள் தெருவிலும் முழங்காலளவு நீர். அது ஏரி நீரன்று. வழி மறிக்கப்பட்ட மழைநீர். வடிய எட்டு நாட்களாயின.

அந்த நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல, மதம் பாராமல் மக்களுக்குக் கதவைத் திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தனர். வெள்ளம் வடிந்தபின் சேறு படிந்த கோயில்களையும் கழுவிக் கொடுத்தனர். இது பெருமைப்படத்தக்கது. ஆனால் வெள்ளம் வந்தபின் சோறு கொடுக்கிற நாம், வெள்ளம் வருமுன் கால்வாயைப் பற்றிக் கேட்டோமா என்ற கேள்வி அப்போதே என் மனத்தில் விழுந்தது.

ஏரியை முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமா என்ற வழக்கு நீண்ட காலம் நடந்தது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நீரைத் திறந்த முறையையே அது குற்றம் சாட்டிற்று. அரசு, வரலாறு காணாத மழையே காரணம் என்றது. இரண்டு பக்கத்து வாதங்களிலும் கரையோர ஊர்களின் குரல் இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், முன்னறிவிப்புச் செய்து, ஆயிரம் கன அடியில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்தார்கள். எச்சரிக்கை பெற முடியும் என்பதற்கு அதுவே சான்று. கற்றுக்கொண்டது நல்லது, கற்றுக்கொள்ளக் கொடுத்த விலைதான் பெரிது. அந்த 2015 மழைக்காலத்தில் தமிழகத்தில் உயிரிழந்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்டோர்.

இனி 2019. அவ்வாண்டு ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரியில் ஆடு மாடுகள் மேய்ந்தன. வெடித்த சேற்றில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரேற்றிய இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செம்பரம்பாக்கம் ஏரி ஒருமுறை நிறைந்தால், அந்நீர், அப்படிப்பட்ட இரயில் நாற்பத்தோராயிரம் முறை வந்து போவதற்குச் சமம். நம் வீட்டு வாசலில் பெய்ததைப் பிடித்து வைக்கத் தெரியாமல், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீர் கொண்டுவந்து மாலை போட்டோம்.

அவ்வாண்டுக் கோடையில் எங்கள் பள்ளிவாசலில், வீட்டிலேயே ஒளுச் செய்துவிட்டு வருமாறு அறிவித்தார்கள். வீட்டில் நீர் இருந்தவர்கள் செய்துவந்தார்கள். இல்லாதவர்கள் சிலர் வெளியே நின்று தயங்கியதை நான் கண்டேன்.

கேட்பதற்கு ஆளில்லை

வறட்சி இறைவனின் நாட்டம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அவ்வறட்சியின்போது எங்கள் ஊராட்சிக்குத் தலைவரே இல்லை என்பது மனிதர்கள் செய்த காரியம். தமிழகத்தின் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வழக்குகளாலும் தாமதங்களாலும் தேர்தல் தள்ளிப்போய், 2019 டிசம்பர் இறுதியில்தான் எங்கள் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இடையிலிருந்த மூன்றாண்டுகளில் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நிருவகித்தனர். 1992இல் அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் வந்தபோதும், 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தபோதும், அதிகாரம் மக்கள் கைக்கு வந்துவிட்டதாகப் பேசினோம். வரலாறு காணாத வறட்சியில், தெருக்குழாய்க்கு முறையிட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத நிலையில் நின்றோம். 2025 ஜனவரியில் அம்மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.

எங்கள் தெரு மழைநீர் வடியும் கால்வாய் தொடர்பாக 2017இல் நான் ஒரு மனு எழுதினேன். முப்பதாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். மனு எழுதத் தெரியாமலில்லை. முதல் அலுவலகத்தில், இது ஊராட்சியின் பொறுப்பு என்றார்கள். இரண்டாவதில், ஏரியோடு தொடர்புள்ளது என்பதால் வேறு துறைக்குப் போகவேண்டும் என்றார்கள். மூன்றாவதில், நெடுஞ்சாலைக்கு அருகில் வருவதால் தங்களால் கைவைக்க இயலாது என்றார்கள். எவரும் கடிந்து பேசவில்லை. ஒருவர் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். மனு மட்டும் மூன்று முத்திரைகளோடு என்னிடமே திரும்பி வந்தது.

இதிலுள்ள வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. எங்கள் ஊர் திருவள்ளூரில். ஏரி திறப்பதற்கான வெள்ள எச்சரிக்கை தருவது காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம். ஏரியின் மதகு நீர்வளத்துறையிடம். குழாயில் போகும் நீர் சென்னைக் குடிநீர் வாரியத்திடம். சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். நீரோ, எந்த மாவட்டத்தில் ஓடுகிறோம் என்று கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. எல்லாத் துறைகளும் சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்று. அது ஊர். அந்த ஊருக்குக் குரல் கொடுக்கச் சட்டம் வைத்த மேடையும் ஒன்றே. அது கிராம சபை.

அண்டை ஊர் காட்டிய வழி

எங்கள் ஒன்றியத்திலேயே உள்ள குத்தம்பாக்கம் ஊரின் பெயரை, ஊராட்சி பற்றிப் படித்தோர் அறிவர். அவ்வூரில் பிறந்த இரங்கசாமி இளங்கோ என்னும் இரசாயனப் பொறியாளர், தாம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாதியால் பிளவுண்ட ஊர் அது. ஒரே சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்ளும்படி இரட்டை வீடுகள் கட்டி, ஒரு பக்கத்தில் தலித் குடும்பத்தையும் மறு பக்கத்தில் பிற சாதிக் குடும்பத்தையும் குடியமர்த்தினார். கல் மெருகிடும் தொழிற்சாலையில் கழிவாகக் கிடந்த கற்களைக் கொண்டு, மதிப்பீட்டிலும் குறைந்த செலவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார். விதிமீறல் என்று சொல்லி அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடி, தங்கள் தலைவர் பக்கம் நின்றது. அவர் மீண்டும் பதவிக்கு வந்தார்.

பின்னாளில் அவ்வூரின் மேய்ச்சல் நிலத்தில் நகரக் குப்பையைக் கொட்டும் திட்டம் வந்தபோதும் ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். இன்னும் சற்று மேற்கே, பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைக்க 2022இல் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, ஏகனாபுரம் மக்கள் தங்கள் ஏரிகளையும் வயல்களையும் காக்கக் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம்மிடையே இரு கருத்து இருக்கலாம். ஆனால் ஏழை உழவர்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையொப்பமிட்டு, தங்கள் சொல்லை அரசு ஏட்டில் ஏற்றினார்கள் அல்லவா? அந்த முறை நாம் கற்கத்தக்கது.

நம் பங்கு என்ன?

இனி நம்மவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிராம சபைக்கு நம் ஜமாஅத்தார் போவதே அரிது. போனாலும் கபரஸ்தான் சுற்றுச்சுவருக்கு ஒரு மனு, பள்ளிவாசல் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவோடு திரும்பி விடுகிறோம். ஊர்ப் பொதுக் காரியத்தைப் பேசுகிறவர்கள் வேறு யாரோ என்று இருந்துவிடுகிறோம். நம்முடைய கோரிக்கைக்கு மட்டும் எழுந்து நிற்பவனை ஊர் ஒரு விருந்தாளியாகவே பார்க்கும். ஊரின் கோரிக்கைக்கும் எழுந்து நிற்பவனைத்தான் தன் ஆளாகப் பார்க்கும்.

2022 அக்டோபர் 2ஆம் நாள் நடந்த கிராம சபையில் நான் எழுந்து, எங்கள் பகுதிக் கால்வாயை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஜமாஅத் நண்பர் என் கையைப் பற்றி இழுத்து, "வாத்தியார் பாய், நம்ம ஆளு வீட்டுச் சுவரும் அதுலதான் வருது. நீங்களே கிளப்பணுமா?" என்றார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டதையும், நீர்வழிகளில் நிற்கும் பெரிய கட்டடங்கள் பல அசையாமல் நின்றதையும் நாம் பார்த்திருக்கிறோம். அளக்கும் கோல் எளியவனிடம் மட்டும் நீளமாகிவிடுமோ என்று அவர் அஞ்சினார். எனவே, அளவு நெடுஞ்சாலைப் பக்கத்திலுள்ள பெரிய கட்டடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

அளந்தார்கள். ஒரு கிடங்கின் மதிலும், நம்மவர் ஒருவர் வீட்டின் சுவரும், இன்னும் இரண்டு வீடுகளின் படிக்கட்டுகளும் கால்வாய்க்குள் இருந்தன. கிடங்கின் மதிலை இடித்த பிறகே மற்றவற்றைத் தொட்டார்கள். நம்மவர் சுவர் நான்கடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நீர் நின்றது. ஆனால் மூன்றாம் நாள் வடிந்துவிட்டது. இரண்டு மழையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எல்லாப் பெருமையையும் கால்வாய்க்குக் கொடுக்கவில்லை. சுவரைத் தள்ளிக் கட்டிய நண்பர், அடுத்து வந்த பெருநாள் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து தழுவவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தார்.

தண்ணீர் தனி ஒருவரின் உடைமையன்று, மக்கள் யாவரும் அதில் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. ஓடும் ஆற்றருகே அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பதும் அவர்கள் கற்பித்ததே. மதீனாவில் ரூமாக் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து அக்கிணற்றை வாங்கி, யாவருக்கும் பொதுவாக்கினார்கள். இவற்றை நாம் மேடைகளில் அழகாகப் பேசுகிறோம். இவற்றுக்கு நசரத்பேட்டையில் என்ன பொருள், ஆம்பூரில் என்ன பொருள், காயல்பட்டினத்தில் என்ன பொருள் என்று ஒவ்வோர் ஊராரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒளுச் செய்த நீர் சாக்கடைக்குப் போகாமல், ஓர் உறிஞ்சு குழி வழியே நிலத்துக்குள் இறங்கும்படி செய்ய எந்தப் பள்ளிவாசலாலும் இயலும். மழைநீர்ச் சேகரிப்பை 2003இலேயே தமிழகத்தில் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. சட்டத்துக்காகக் குழாயை வளைத்துவிட்டதோடு நிற்காமல், ஆண்டுதோறும் மணலை மாற்றித் தூர் எடுக்கிறோமா என்று பார்க்கலாம். எங்கள் பள்ளிவாசலில் உறிஞ்சு குழி அமைத்தாயிற்று. ஹவுளைத் திறப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது.

இவற்றைவிடப் பெரிய கடமை, கூட்டத்துக்குப் போவது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகியவற்றிலும் கிராம சபை கூடும் என்று 2022இல் அரசு அறிவித்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. அழைப்பு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் பெண்களாக இருக்க, கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் ஆண்களாக மட்டும் இருப்பதும் மாற வேண்டும். நம் வீட்டுத் தாய்மாரும் சகோதரியரும் அங்கே வந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் நீர் வருகிறது என்று சொன்னாலே போதும். அந்தக் கணக்கு எந்த அலுவலகத்தின் கோப்பிலும் கிடையாது.

ஊர் நகரமாகலாம், ஊராட்சி ஒருநாள் மாநகராட்சியோடு சேர்ந்தும் போகலாம். அப்போது கிராம சபை என்ற பெயர் மறையும். வார்டுக் கூட்டம் என்று வேறு பெயர் வரும். பெயர் எதுவாயினும், ஏரிக்கும் கால்வாய்க்கும் ஊரின் சொல் வேண்டும். அந்தச் சொல்லில் நம்முடைய குரலும் கலந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நம் ஜமாஅத்தார் கபரஸ்தான் சுவருக்கான மனுவைத் தாராளமாக எடுத்துச் செல்லட்டும். அதற்கு மேலே, முதல் மனுவாக, ஊர்க் கால்வாயைத் தூர் எடுக்கக் கோரும் மனுவை வைக்கட்டும்.